நேரிலாப் பகுப்பாய்வு விரைவாகக் குவிய: கட்டமைப்புப் பொறியியலில் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கான்கிரீட் சட்டகம் ஒன்றைக் கணினியில் பக்கவாட்டில் தள்ளி, அது எந்த இடப்பெயர்ச்சியில் வலிமை இழக்கிறது என்று பார்க்கும் புஷ்ஓவர் பகுப்பாய்வைத் தொடங்கும் எவரும் வெகுவிரைவில் ‘குவியவில்லை’, அதாவது திருத்தங்கள் ஒரு விடையில் வந்து முடியவில்லை, என்ற செய்தியைத் திரையில் காண்பார். அந்த நேரத்தில் பெரும்பாலோர் கையேட்டிலுள்ள அல்காரிதங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கின்றனர். அதுவும் பலிக்காவிட்டால் டாலரன்ஸை, அதாவது ஏற்கத்தக்க பிழையின் வரம்பை, தளர்த்திவிடுகின்றனர். இவ்வாறு கிடைக்கும் வரைபடம் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும், ஆனால் அதை நம்பி ஒரு தூணின் கம்பியைத் தீர்மானிக்க முடியாது. இந்தக் கட்டுரை வேறொரு வரிசையைப் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் எச்சம் (வெளிச்சுமைக்கும் உள்விசைக்கும் உள்ள வேறுபாடு) எப்படி மாறுகிறது என்பதை முதலில் படிக்க வேண்டும். மாதிரியில் குறை இருந்தால் அடுத்து அதைக் களைய வேண்டும். விரைவூட்டும் முறையைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகே.

எடுத்துக்காட்டுகளுக்கு ஓப்பன்சீஸ் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஃபிராங்க் மெக்கென்னா, கிரிகோரி ஃபென்வெஸ் ஆகியோரின் பணியிலிருந்து உருவாகி, நிலநடுக்கப் பொறியியலில் பரவலாகப் பயன்படும் நிரல் இது. மூலநிரல் திறந்திருக்கிறது என்பதைவிட, கட்டுப்பாடுகளைக் கையாளும் முறை, குவிதல் சோதனை, அல்காரிதம், படி நகர்த்தும் முறை ஆகிய ஒவ்வொன்றையும் பயனரே தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே கற்பவருக்கு இதன் பெரிய நன்மை. வணிக மென்பொருள்களில் இதே உறுப்புகள் இயல்புநிலை மதிப்புகளுக்குப் பின்னால் இயங்குகின்றன. இங்கே கற்பது அங்கேயும் பயன்படும்.

நிரல் உள்ளே செய்வது என்ன

நேரியல் பகுப்பாய்வில் விறைப்பு அணி மாறுவதில்லை. ஒரு முறை சமன்பாடுகளைத் தீர்த்தால் இடப்பெயர்ச்சி கிடைத்துவிடும். கான்கிரீட் விரிசல் விடும்போதும், கம்பி ஈல்டு நிலையை (மீளாமல் நீளத் தொடங்கும் நிலையை) எட்டும்போதும், சாய்ந்த தூணின் மேலிருக்கும் எடை அதை மேலும் வளைக்கும்போதும் விறைப்பு இடப்பெயர்ச்சியைச் சார்ந்ததாகிவிடுகிறது. அதனால் நிரல் சுமையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் ஓர் இடப்பெயர்ச்சியை ஊகித்து, அந்நிலையில் உறுப்புகள் எவ்வளவு விசையைத் திருப்பித் தருகின்றன என்று கணக்கிடுகிறது. வெளிச்சுமைக்கும் இந்த உள்விசைக்கும் உள்ள வேறுபாடே எச்சம். எச்சத்தை விறைப்பு அணியால் தீர்த்தால் அடுத்த திருத்தம் கிடைக்கும். எச்சம் போதிய அளவு சிறிதாகும் வரை இந்தச் சுற்று தொடரும்.

ஒவ்வொரு சுற்றிலும் அப்போதைய தொடுகோட்டு விறைப்பைப் புதிதாக அமைப்பது நியூட்டன்–ராஃப்சன் முறை. படியின் தொடக்கத்தில் அமைத்த விறைப்பையே எல்லாச் சுற்றுகளுக்கும் வைத்துக்கொள்வது மாடிஃபைடு நியூட்டன் முறை. முதலாவது குறைந்த சுற்றுகளில் முடியும், ஆனால் ஒவ்வொரு சுற்றும் விலை கூடியது. இரண்டாவதில் ஒவ்வொரு சுற்றும் மலிவு, ஆனால் சுற்றுகள் பெருகும். விரைவூட்டும் முறைகள் அனைத்தும் இந்த இரண்டுக்கும் நடுவில் இடம் தேடுகின்றன.

ஒரே ஒரு வில்லில் கணக்கிட்டுப் பார்ப்போம்

பெரிய சட்டகத்தில் நடப்பதை ஒற்றை வில்லில் (ஸ்பிரிங்கில்) கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். புதியவர்கள் அனைவரும் ஒரு முறையாவது இதைத் தாளில் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வில்லின் இடப்பெயர்ச்சியை மில்லிமீட்டரில் எடுத்து, அதை 100-ஆல் பெருக்கி, இடப்பெயர்ச்சியுடன் ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் விசை கிலோநியூட்டனில் கிடைக்கிறது என்று கொள்வோம். தொடக்க விறைப்பு ஒரு மி.மீ.-க்கு 100 கிலோநியூட்டன். இழுக்க இழுக்க வில் மென்மையாகிறது. எவ்வளவு இழுத்தாலும் விசை 100 கிலோநியூட்டனை எட்டாது. மண்ணின் நடத்தைக்குப் பயன்படும் ஹைபர்போலிக் வளைகோடும் இதே வடிவந்தான். இதன்மேல் 50 கிலோநியூட்டன் சுமையை வைத்தால் விடை சரியாக 1 மி.மீ.

நியூட்டன் முறையில் தொடக்கத்தில் 50 ஆக இருக்கும் எச்சம், அடுத்தடுத்த சுற்றுகளில் 16.67, 3.33, 0.196, 0.00076 கிலோநியூட்டன் என்று இறங்குகிறது. விடையிலிருந்து விலகும் அளவு 1, 0.5, 0.125, 0.0078, 0.00003 மி.மீ. என்று செல்கிறது, ஒவ்வொரு பிழையும் அதற்கு முந்தைய பிழையின் வர்க்கத்தில் பாதி. விடையை நெருங்கியபின் சரியான இலக்கங்களின் எண்ணிக்கை ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய இரட்டிப்பாகும் இந்த இருபடிக் குவிதலே நியூட்டன் முறையின் அடையாளம்.

தொடக்க விறைப்பை மாற்றாமல் வைத்துக்கொண்டால் எச்சம் 50, 16.67, 10, 6.6, 4.56 என்று தயங்கித் தயங்கிக் குறைகிறது. விடையருகே வில்லின் விறைப்பு 25, நாம் பயன்படுத்துவதோ 100; எனவே ஒவ்வொரு சுற்றிலும் பிழையின் கால் பங்கு மட்டுமே நீங்கி, முக்கால் பங்கு எஞ்சுகிறது. பிழை 0.00025 மி.மீ.-க்குக் கீழே இறங்க ஏறத்தாழ 27 சுற்றுகள் ஆகும்.

மூன்றாவது வழியில் புதிய தொடுகோட்டையும் அமைப்பதில்லை, பழைய விறைப்பை அப்படியே நம்புவதும் இல்லை. கடைசி இரண்டு சுற்றுகளில் இடப்பெயர்ச்சி எவ்வளவு மாறியது, அதற்கு எச்சம் எவ்வளவு குறைந்தது என்பதை வைத்துக்கொண்டு, அந்த விகிதத்தையே விறைப்பாகக் கொள்கிறோம். எச்சம் 50, 16.67, 7.14, 1.61, 0.196, 0.006 என்று இறங்குகிறது. 5 சுற்றுகளில் பிழை 0.00024 மி.மீ. நியூட்டனைவிட ஒரு சுற்று கூடுதல். ஆனால் முதல் விறைப்புக்குப் பிறகு எந்த விறைப்பையும் புதிதாக அமைக்கவில்லை. சுற்றுகளின் வரலாற்றில் ஏற்கெனவே கிடைத்திருக்கும் தகவலை வீணாக்காமல் பயன்படுத்துவதே விரைவூட்டலின் சாரம்.

அதே வில்லின்மேல் 110 கிலோநியூட்டனை வைத்து நியூட்டன் முறையை ஓட்டிப் பாருங்கள். எச்சம் 110, 57.6, 31.5, 18.7, 12.8 என்று குறைந்துகொண்டே வருவதால், இன்னும் சில சுற்றுகள் கொடுத்தால் முடிந்துவிடும் என்று தோன்றும். இடப்பெயர்ச்சித் திருத்தங்களோ 1.1, 2.54, 6.8, 24.5 மி.மீ. என்று வெடித்துப் பெருகுகின்றன. வில் 100-க்கு மேல் தாங்காது. எனவே எச்சம் 10-க்குக் கீழே ஒருபோதும் இறங்காது. தீர்வே இல்லாத இடத்தில் எந்த அல்காரிதமும் உதவாது. எச்சத்தையும் திருத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது புலப்படும்.

முதல் படி: ஒவ்வொரு சுற்றையும் அச்சிடச் செய்யுங்கள்

ஓப்பன்சீஸில் குவிதல் சோதனைக்கான கட்டளையில் டாலரன்ஸ், அதிகபட்சச் சுற்றுகள் ஆகியவற்றுக்குப் பின் அச்சுக்குறி என்று ஓர் எண்ணைத் தரலாம். அதை 1 என்று வைத்தால் ஒவ்வொரு சுற்றின் மதிப்பும் திரையில் வரும். அதே இடத்தில் 5 என்று தந்தால், சுற்றுகள் தீர்ந்தும் குவியாத படியையும் நிரல் வெற்றி என்றே திருப்பி அனுப்பும். பிறரிடமிருந்து பெற்ற கோப்புகளில் இந்த 5 இருக்கிறதா என்று எதற்கும் முன்னதாகப் பார்த்துவிடுங்கள்.

தோற்ற படியின் மதிப்புகளை வரிசையாகப் படித்தால் பெரும்பாலும் நான்கு வகை ஓட்டங்களில் ஒன்று தெரியும். மதிப்பு சீரான விகிதத்தில் குறைந்துகொண்டு, சுற்றுகள் போதாமல் நின்றிருந்தால், அது விரைவூட்டலுக்கு மிக ஏற்ற நிலை. இரண்டு மதிப்புகளுக்கு இடையே மாறி மாறி ஊசலாடினால், ஏதோ ஒரு பொருளோ தொடர்புப் பரப்போ ஒரு சுற்றில் ஈல்டு நிலையிலும் அடுத்த சுற்றில் மீள்நிலையிலும் இருக்கிறது. ஒரு மதிப்புவரை நன்றாக இறங்கி அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தால், டாலரன்ஸ் கணினியின் எண்ணுத் துல்லியத்தைத் தாண்டிக் கடுமையாக இருக்கிறது, அல்லது அணியின் எண்கள் ஒன்றுக்கொன்று மிகப் பெரிய இடைவெளியில் இருக்கின்றன. முதல் சுற்றிலிருந்தே பெருகிக்கொண்டு போனால், படி மிகப் பெரிது, அல்லது கட்டமைப்பில் அந்தச் சுமையைத் தாங்கும் திறன் இல்லை.

நியூட்டன் முறையைத் தேர்ந்தெடுத்தும், விடையருகே இருபடிக் குவிதல் வராமல் சீரான விகிதமே தெரிந்தால் கவனமாக இருங்கள். எங்கோ ஒரு தொடுகோடு தவறாக இருக்கிறது என்பதற்கு இதுவே தெளிவான சான்று.

இரண்டாம் படி: விரைவூட்டும் முன் மாதிரியைச் செப்பனிடுங்கள்

முதலில் எல்லாப் பொருள்களையும் மீள்தன்மையுள்ள நேரியல் பொருள்களாக மாற்றி, தன்னெடையை மட்டும் வைத்து ஓட்டுங்கள். அடித்தள எதிர்விசைகளின் கூட்டுத்தொகை மொத்த எடைக்குச் சமமாக வேண்டும். அதன்பின் இயல்பு அதிர்வுக் காலங்களைக் கணக்கிடுங்கள். அதில் பூஜ்யத்தை ஒட்டிய அதிர்வெண் ஒன்று வந்தால், எங்கோ ஒரு கணு பிணைப்பின்றி ஆடுகிறது. அதைச் சரிசெய்யாமல் நேரிலாப் பகுப்பாய்வுக்குப் போவதில் பயனில்லை.

அடுத்து அணியின் எண்கள். தளத்தை விறைப்பான ஒற்றைத் தகடாகக் கருதும் கட்டுப்பாட்டைப் பெனால்டி முறையில் (மிக விறைப்பான கற்பனை இணைப்பாகச் சேர்த்து) செலுத்துபவர்கள், எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று எண்ணி மிகப் பெரிய மதிப்பைத் தருகின்றனர். கணினியின் இரட்டைத் துல்லிய எண்களில் ஏறத்தாழ 16 இலக்கங்களே உண்டு. விறைப்பின் பெரிய எண் 10⁶ என்ற அளவில் இருந்தால், பெனால்டி எண்ணை 10¹⁴ அளவில், அதாவது துல்லியத்தின் பாதி இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி வைப்பது வழக்கமான விதி. அதைத் தாண்டினால் கட்டமைப்பின் உண்மையான விறைப்பு எண்களின் கடைசி இலக்கங்கள் அழிந்துபோகும். ஒரு கணு மற்றொன்றைப் பின்பற்றும் எளிய கட்டுப்பாடுகளுக்கு பின்பற்றும் கணுவின் இடப்பெயர்ச்சியைச் சமன்பாடுகளிலிருந்தே நீக்கிவிடும் டிரான்ஸ்ஃபர்மேஷன் முறை இந்தச் சிக்கலையே தவிர்த்துவிடுகிறது; புதியவர்கள் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

பொருள் மாதிரிகளில் உள்ள கூர்முனைகள் ஊசலாட்டத்தின் முக்கியக் காரணம். இருகோட்டு எஃகு மாதிரியில் ஈல்டு புள்ளியில் விறைப்பு திடீரென்று முறிகிறது. ஒரே வெட்டுமுகத்திலுள்ள ஃபைபர்களில் (கணக்குக்காக வெட்டுமுகத்தைப் பிரித்த சிறு துண்டுகளில்) சில அந்த முனையின் இருபுறமும் தாவினால் சுற்று முடிவதே இல்லை. ஓப்பன்சீஸின் ஸ்டீல்02 மாதிரி, மெனகாட்டோ–பிண்டோ வளைகோட்டின் மூலம் இந்த முனையை வளைவாக்குகிறது. உண்மையான கம்பியின் மீள்சுமை நடத்தைக்கும் இதுவே நெருக்கமானது. எனவே குவிதலுக்காகத் துல்லியத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்ற கவலை இங்கே தேவையில்லை. வளைவின் மென்மையைத் தீர்மானிக்கும் எண்ணைக் கையேடு 10 முதல் 20 வரை வைக்கச் சொல்கிறது. கான்கிரீட்டில் இழுவிசை வலிமையைச் சேர்த்தால், விரிசலுக்குப் பின் விசை செங்குத்தாக விழாமல் சரிந்து இறங்கும்படி அமையுங்கள்.

தொடுகோட்டு விறைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் பொருளின் தகைவை நிரல் சிறிய ஆனால் வரம்புள்ள படிகளில் கணக்கிடுகிறது; எனவே வகையீட்டுச் சமன்பாட்டிலிருந்து நேரடியாகப் பெறும் தொடுகோடு அந்தக் கணக்கீட்டுக்குப் பொருந்தாது. தகைவைக் கணக்கிடும் வழிமுறையையே வகையிட்டுப் பெறும் பொருந்து தொடுகோட்டைப் பயன்படுத்தினால்தான் இருபடிக் குவிதல் கிடைக்கும் என்பதை சைமோவும் டெய்லரும் 1985-இல் தெளிவாக நிறுவினர். நீங்களே ஒரு பொருள் மாதிரியை எழுதினால், விகாரத்தை (திரிபை) மிகச் சிறிது மாற்றி, தகைவின் மாற்றத்தை அந்தச் சிறு அளவால் வகுத்து, நிரல் தரும் தொடுகோட்டுடன் ஒப்பிடுங்கள். சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனை, பின்னால் வரவிருக்கும் நாள் கணக்கான தேடலை மிச்சப்படுத்தும்.

உராய்வு அதிகமுள்ள தொடர்புப் பரப்புகளும், மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் பயன்படும் சில பிளாஸ்டிக் மாதிரிகளும் சமச்சீரற்ற அணியைத் தருகின்றன. அதைச் சமச்சீர் அணியாகக் கொண்டு தீர்த்தால் குவிதல் மந்தமாகும். அபாகஸ் என்ற வணிக மென்பொருள், உராய்வுக் கெழு 0.2-ஐத் தாண்டினால் தானாகவே சமச்சீரற்ற தீர்வுக்கு மாறிக்கொள்கிறது. ஓப்பன்சீஸில் அதற்கேற்ற சமன்பாட்டுத் தீர்வியை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: எதை வைத்துக் குவிதலை அளக்கிறீர்கள்

எச்ச விசையின் அளவு, இடப்பெயர்ச்சித் திருத்தத்தின் அளவு, இரண்டின் பெருக்கமான ஆற்றல் என்று மூன்று சோதனைகள் வழக்கில் உள்ளன. பெனால்டி முறையைப் பயன்படுத்தும்போது கட்டுப்பாட்டைச் செலுத்தும் பெரிய விசைகள் எச்சத்தில் கலந்துவிடுவதால், விடை கிடைத்த பின்னும் விசைச் சோதனை தோல்வியையே காட்டும். இடப்பெயர்ச்சிச் சோதனையில் மீட்டரும் ரேடியனும் ஒரே எண்ணாகக் கூட்டப்படுகின்றன. அலகை மீட்டரிலிருந்து மில்லிமீட்டருக்கு மாற்றினால் அதே டாலரன்ஸ் ஆயிரம் மடங்கு கடுமையாகிறது. பிறர் கோப்பிலிருந்து 10⁻⁶ என்ற எண்ணை எடுக்கும்போது அவருடைய அலகையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மந்தமாகக் குவியும் முறைகளில் இடப்பெயர்ச்சிச் சோதனை ஏமாற்றக்கூடியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நம் வில்லில் மாடிஃபைடு நியூட்டன் முறை ஒவ்வொரு சுற்றிலும் பிழையின் முக்கால் பங்கை மிச்சம் வைக்கிறது. ஆகவே கடைசித் திருத்தம் 0.01 மி.மீ. என்றால், இன்னும் மிஞ்சியிருக்கும் பிழை அதன் மூன்று மடங்கு. ஒரு சுற்றுக்கு நூற்றில் ஒரு பங்கு மட்டுமே குறையும் அளவுக்கு மந்தமானால், மிஞ்சும் பிழை கடைசித் திருத்தத்தின் 99 மடங்கு. திருத்தம் சிறிதாக இருப்பது விடை அருகில் இருப்பதாலும் இருக்கலாம், முறை நகர மறுப்பதாலும் இருக்கலாம். தொடக்க விறைப்பை வைத்து ஓட்டுபவர்கள் எச்ச விசையையும் ஒரு முறை அச்சிட்டுப் பார்த்தே படியை ஏற்க வேண்டும்.

நான்காம் படி: நேரம் எங்கே செலவாகிறது என்று பாருங்கள்

விரைவூட்டல் என்றால் சுற்றுகளைக் குறைப்பது என்று மட்டும் கொள்ளக் கூடாது. ஒரு சுற்றில் இரண்டு பெரிய செலவுகள் உள்ளன. எல்லா உறுப்புகளின் உள்விசையையும் விறைப்பையும் கணக்கிடுவது ஒன்று. விறைப்பு அணியைக் காரணிப்படுத்தித் தீர்ப்பது மற்றொன்று. அறியப்படாத இடப்பெயர்ச்சிகள் 10,000, அணியின் அரைப்பட்டை அகலம் (மூலைவிட்டத்திலிருந்து பூஜ்யமல்லாத எண்கள் பரவும் தூரம்) 300 என்று கொண்டால், சமச்சீர்ப் பட்டை அணியைக் காரணிப்படுத்த ஏறத்தாழ 90 கோடி எண்கணிதச் செயல்கள் தேவை. காரணிப்படுத்தியதை வைத்து ஒரு முறை தீர்க்க 1.2 கோடி போதும். இங்கே பழைய காரணிகளை மறுபடி பயன்படுத்தினால் தீர்க்கும் செலவு 75-இல் ஒரு பங்காகிறது. முப்பரிமாணத் திண்ம மாதிரிகளில் இந்த ஆதாயம் மிகப் பெரிது.

சில நூறு அறியப்படாத எண்களே உள்ள தளச்சட்டகத்தில், ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் நூற்றுக்கணக்கான ஃபைபர்கள் இருந்தால், காரணிப்படுத்தல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். நேரமெல்லாம் ஃபைபர்களின் தகைவைக் கணக்கிடுவதில் போகும். அங்கே சுற்றுகளைக் கூட்டும் முறை எதுவும் இழப்பே. முழு நியூட்டன் முறையே சிறந்தது. எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே அல்காரிதத்தைப் பரிந்துரைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

சமன்பாட்டுத் தீர்வியையும் ஒரு முறை சரிபார்க்கவும். அணி முழுவதையும் பூஜ்யங்களுடன் சேமிக்கும் தீர்வியைச் சிறு சோதனைகளுக்கு அப்பால் பயன்படுத்த வேண்டாம். பெரிய மாதிரியில் அதை அம்ஃப்பேக் போன்ற, பூஜ்யமல்லாத எண்களை மட்டும் சேமிக்கும் ஐதான அணித் தீர்விக்கு மாற்றுவதே பல நேரங்களில் மற்ற எல்லா விரைவூட்டலையும்விட அதிக நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஐந்தாம் படி: ஏற்ற முறையைத் தேர்ந்தெடுங்கள்

வில்லில் நாம் செய்த மூன்றாவது வழியைப் பல்லாயிரம் இடப்பெயர்ச்சிகள் உள்ள கட்டமைப்புக்கு விரிப்பதே கிரைலோவ்–நியூட்டன் முறை. முந்தைய சில சுற்றுகளின் திருத்தங்களையும் அவற்றால் எச்சம் மாறிய விதத்தையும் நிரல் நினைவில் வைத்திருக்கிறது. புதிய எச்சம் வந்ததும், பழைய மாற்றங்களை எந்தெந்த அளவில் கலந்தால் இந்த எச்சத்தை மிக நெருக்கமாகப் பெறலாம் என்பதை மீச்சிறு வர்க்க முறையில் காண்கிறது. அந்தக் கலவைக்குரிய திருத்தம் நினைவிலிருந்தே கிடைத்துவிடுகிறது. மீதியை மட்டும் பழைய விறைப்பை வைத்துத் தீர்க்கிறது. செலவு, சில வெக்டர்களைச் சேமிப்பதும் ஒரு சிறு சமன்பாட்டைத் தீர்ப்பதும் மட்டுமே. டொனால்ட் ஆண்டர்சன் 1965-இல் தொகையீட்டுச் சமன்பாடுகளுக்காக முன்வைத்த கலப்பு முறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கார்ல்சனும் மில்லரும் 1998-இல் வெளியிட்ட வடிவத்தைக் கட்டமைப்புப் பகுப்பாய்வுக்குக் கொண்டுவந்து, சட்டகங்கள் தொடர்ச்சியாக இடிந்து விழும் சிக்கலில் அதன் பயனை மைக்கேல் ஸ்காட்டும் ஃபென்வெஸும் 2010-இல் காட்டினர்.

ஓப்பன்சீஸில் இதற்கான கட்டளையில் நினைவில் வைக்கும் வெக்டர்களின் அதிகபட்ச எண்ணிக்கை இயல்பாக 3. அந்த எண்ணிக்கை நிறைந்ததும் நிரல் தொடுகோட்டைப் புதிதாக அமைத்து, நினைவை அழித்துவிட்டுத் தொடங்கும். காரணிப்படுத்தல் விலை கூடிய பெரிய மாதிரிகளில் இந்த எண்ணைக் கூட்டிப் பார்க்கலாம். எச்சம் சீரான விகிதத்தில் மந்தமாகக் குறையும் ஓட்டத்துக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரிந்து இல்லை. ஊசலாட்டத்துக்கு அவ்வளவாக உதவாது. பொருள்களின் நிலை ஒவ்வொரு சுற்றிலும் தாவும்போது, முந்தைய சுற்றுகள் சொன்னது இந்தச் சுற்றுக்குப் பொருந்துவதில்லை.

பிராய்டன், ஃபிளெட்சர், கோல்ட்ஃபார்ப், ஷானோ ஆகியோரின் பெயரால் அமைந்த பி.எஃப்.ஜி.எஸ். முறையும் சுற்றுகளின் வரலாற்றைப் பயன்படுத்தியே விறைப்பைத் திருத்துகிறது. மத்தீஸும் ஸ்டிராங்கும் 1979-இல் இதைக் கட்டமைப்புச் சிக்கல்களுக்கு விளக்கினர். சமச்சீர் அணிகளுக்கு அது ஏற்றது. சமச்சீரற்றவற்றுக்குப் பிராய்டன் முறை உள்ளது.

திருத்தத்தின் திசை சரியாக இருந்தும் அளவு மிஞ்சிப்போவதால் எச்சம் எகிறும் இடங்களில் லைன் சர்ச் உதவும். திருத்தத்தை முழுமையாக ஏற்காமல், அதே திசையில் எவ்வளவு தூரம் சென்றால் எச்சத்துக்கும் அந்தத் திசைக்கும் உள்ள பெருக்கம் போதிய அளவு குறைகிறது என்று தேடுகிறது. ஓப்பன்சீஸில் இந்தத் தேடல், பெருக்கம் தொடக்க மதிப்பின் 0.8 மடங்குக்குக் கீழே வந்ததும் நின்றுவிடும். மிகத் துல்லியமாகத் தேட வேண்டியதில்லை என்பதே இந்தத் தளர்ந்த எண்ணின் பொருள். ஒவ்வொரு முயற்சிக்கும் எல்லா உறுப்புகளின் உள்விசையையும் மறுபடி கணக்கிட வேண்டும் என்பதால், ஃபைபர்கள் நிறைந்த மாதிரியில் இதன் விலை சிறிதன்று.

ஆறாம் படி: படியின் அளவும் திசையும்

தன்னெடையைப் பத்துச் சம படிகளில் ஏற்றி, அதை மாறாச் சுமையாக நிறுத்திவிட்டு, பக்கவாட்டுத் தள்ளலை இடப்பெயர்ச்சிக் கட்டுப்பாட்டில் தொடங்குவது நல்ல வழக்கம். சுமைக் கட்டுப்பாட்டில் உச்சியைத் தாண்ட இயலாது. 110 கிலோநியூட்டன் வில்லில் கண்டதுபோல் அதற்கு மேல் சமநிலையே இல்லை. கூரையின் இடப்பெயர்ச்சியை நாம் நகர்த்தி, அதற்கு எவ்வளவு சுமை தேவை என்று நிரலையே கேட்டால் இறங்குமுகத்தையும் பின்தொடரலாம். தட்டையான வளைவுக் கூரை திடீரென்று மறுபக்கம் மடங்குவது போன்ற சிக்கல்களில் இடப்பெயர்ச்சியே பின்வாங்கக்கூடும். அங்கே சுமையையும் இடப்பெயர்ச்சியையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும், ரிக்ஸ் 1979-இல் விளக்கிய வில்நீள முறை தேவைப்படுகிறது. சாதாரண சட்டகங்களுக்கு அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

படியின் அளவை நிலையாக வைப்பதைவிடக் குவிதலைப் பார்த்து மாற்றுவது பலன் தரும். அபாகஸின் இயல்பு விதிகள் நல்ல முன்மாதிரி: இரண்டு படிகள் அடுத்தடுத்து ஐந்துக்கும் குறைவான சுற்றுகளில் முடிந்தால் அடுத்த படி ஒன்றரை மடங்காகிறது, எச்சம் விலகிச் சென்றால் படி கால் பங்காகச் சுருங்கி மறுபடி தொடங்குகிறது. ஓப்பன்சீஸில் இதைப் பத்து வரி நிரலாக நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஒரே ஒரு படியில் மட்டும் தோல்வி வந்தால், எந்த அல்காரிதத்தையும் மாற்றும் முன் அந்தப் படியை நான்காகப் பிரித்துப் பாருங்கள். விசை அடிப்படை உறுப்புகளின் (இடப்பெயர்ச்சிக்குப் பதிலாக உள்விசையின் பரவலை முதலில் எடுத்துக்கொள்பவை) உள்ளே தனியாக நடக்கும் சுற்றுகள் தோற்கும்போது பெரும்பாலும் இதுவே தீர்வு.

நிலநடுக்கப் பதிவை வைத்து ஓட்டும் காலவரலாற்றுப் பகுப்பாய்வில் காலப்படியைச் சுருக்குவதற்குக் கூடுதல் பலன் உண்டு. நியூமார்க்கின் சராசரி முடுக்க முறையில், தீர்க்கப்படும் அணியில் விறைப்புடன் நிறையின் நான்கு மடங்கைக் காலப்படியின் வர்க்கத்தால் வகுத்த அளவு கூடுகிறது. காலப்படியைப் பாதியாக்கினால் இந்தப் பகுதி நான்கு மடங்காகும். விறைப்பை இழந்த கட்டமைப்பையும் நிறை தாங்கிப் பிடிப்பதால் அணி சீராகிறது. இதனால்தான் நிலைத்த பகுப்பாய்வில் குவியாத மாதிரி அசைவுப் பகுப்பாய்வில் குவிவதுண்டு. ஆனால் சுழற்சிக்கு நிறை தரப்படாத கணுக்களுக்கு இந்த உதவி கிடைக்காது.

ஏழாம் படி: மாற்று வரிசையை எழுதி, விடையைச் சரிபாருங்கள்

தோற்ற படிகளுக்காக ஒரு மாற்று வரிசையை நிரலிலேயே எழுதி வைக்கலாம். நான் பரிந்துரைக்கும் வரிசை: நியூட்டன், அடுத்து கிரைலோவ்–நியூட்டன், அடுத்து லைன் சர்ச் சேர்ந்த நியூட்டன், அதன்பின் படியைச் சுருக்கி மீண்டும் நியூட்டன். தொடக்க விறைப்புடன் கூடிய மாடிஃபைடு நியூட்டன் கடைசி வாய்ப்பாக இருக்கட்டும். அதற்கு அதிகபட்சச் சுற்றுகளை நூற்றுக்கணக்கில் தர வேண்டும். தோல்வி நீங்கியதும் அடுத்த படிக்கு மறுபடி நியூட்டனுக்கே திரும்புங்கள்.

இந்த வரிசையில் டாலரன்ஸைத் தளர்த்துவதைச் சேர்க்கவே வேண்டாம். ஒரு படியில் ஏற்றுக்கொண்ட சமனற்ற விசையை அடுத்த படி ஓரளவு ஈடுசெய்யும் என்பது உண்மை. ஆனால் கம்பி ஈல்டு ஆவதும் கான்கிரீட் நொறுங்குவதும் திரும்ப முடியாத மாற்றங்கள். தவறான இடப்பெயர்ச்சியில் பதிவான சேதம் பின்வரும் படிகள் எல்லாவற்றிலும் தங்கிவிடும்.

ஒவ்வொரு படியும் எந்த அல்காரிதத்தில், எத்தனை சுற்றில், எந்த எச்சத்துடன் முடிந்தது என்பதை ஒரு கோப்பில் பதியச் செய்யுங்கள். மாற்று முறைகள் தேவைப்பட்ட படிகளை விசை–இடப்பெயர்ச்சி வரைபடத்தின்மேல் குறித்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் ஓரிரு இடங்களில் குவிந்திருக்கும். அங்கே எந்தத் தூணின் எந்த வெட்டுமுகம் நிலை மாறுகிறது என்று தேடினால் மாதிரியின் பலவீனம் கிடைக்கும். கடைசியாக, முழுப் பகுப்பாய்வையும் பாதிப் படியளவிலும், பத்தில் ஒரு பங்கு டாலரன்ஸிலும் ஒரு முறை ஓட்டி, இரண்டு வரைபடங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். உச்ச விசையும் இறங்குமுகத்தின் சரிவும் மாறாமல் இருந்தால் விடையை அறிக்கையில் சேர்க்கலாம். மாறினால், மாற்றம் தொடங்கும் படிக்குச் சென்று அதன் எச்ச வரிசையை மீண்டும் அச்சிட வேண்டும்.